வேரைப் பிடுங்க அவசரப்படாதே

தருமபுரி

அன்புள்ள மாப்ளே,

கடிதமும் எக்ஸ்ரேயும் வந்தன. கிருஷ்ணகிரி மண்டியில் மாங்காய் வரத்து தொடங்கிவிட்டதாமே! மல்கோவா வந்தால் எனக்கும் 2 கிலோ எடுத்து வை.

மேல் முன்பல் உடைந்த அந்த 17 வயதுப் பையனுக்கு, பல்லைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் (எலும்பில் திருகும் செயற்கை வேர்) வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். இப்போது வேண்டவே வேண்டாம். தாடை வளர வளரப் பக்கத்துப் பற்கள் கீழே இறங்கும். எலும்போடு ஒட்டிய இம்பிளான்ட் இறங்காது. அதற்காகப் பல்லைப் பிடுங்கிவிட்டுக் காத்திருக்கவும் முடியாது. மேல் முன்பல்லின் உதட்டுப்பக்க எலும்பு பெரும்பாலும் 1 மி.மீ.கூட இருக்காது, பல் போன சில மாதத்தில் கரைந்து குழி விழும். வேர் இருக்கிறவரைதான் அது நிற்கும்.

முதலில் புரோப் (ஈறின் ஆழம் அளக்கும் கம்பி) வைத்துப் பல்லைச் சுற்றிலும் அள. ஒரே இடத்தில் மட்டும் ஊசி போல ஆழமாக இறங்கினால் வேர் நெடுக்காக விண்டிருக்கலாம். அப்படியானால் பல்லை வைத்திருப்பதே எலும்பைத் தின்னும்.

விரிசல் இல்லையென்றால் வேர் சிகிச்சை முடித்து ஃபைபர் போஸ்ட் (வேருக்குள் நிறுத்தும் நார்க் குச்சி) போட்டு, அதன்மேல் ரெசினால் (பல் நிறப் பிசின்) பல்லை எழுப்பு. வேரை அடைத்திருக்கும் கட்டாபெர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளில், வேர் நுனிப்பக்கம் 4, 5 மி.மீ. அளவைத் தொடாதே. யூஜினால் (கிராம்பு எண்ணெய்ச் சத்து) கலந்த சீலர் (வேரை அடைக்கும் பசை) வேண்டாம், ரெசின் சரியாக இறுகாது. ஈறுக்கு மேல் சுற்றிலும் 2 மி.மீ. நல்ல பல் இருக்க வேண்டும். அண்ணப்பக்கம் உடைப்பு ஈறுக்குள் போயிருப்பதாகத் தெரிகிறது. கம்பி கட்டி மெதுவாகக் கீழே இழு. எலும்பும் ஈறும் கூடவே இறங்கும், பின்னால் இம்பிளான்டுக்கு அது லாபம்.

நம்மூர் பல் என்பதை மறக்காதே. ஒகேனக்கல் குடிநீர் 2013-ல்தான் வந்தது. இவன் முன்பல் எனாமல் பெரும்பாலும் அதற்கு முன்பே, ஃப்ளோரைடு மிகுந்த போர் தண்ணீரில் உருவாகியிருக்கும். ரெசின் ஒட்ட எனாமலை ஆசிடால் சொரசொரப்பாக்க வேண்டும்; ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அதற்கு எளிதில் மசியாது. வைர பர்ரால் (பல்லைத் தேய்க்கும் சுழல்முனை) லேசாகச் சுரண்டிவிட்டு, 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிடை வழக்கமான 15 விநாடிக்குப் பதில் 30 விநாடி வை. ரப்பர் டேம் (பல்லை மட்டும் வெளியே விட்டு மற்றதை மூடும் ரப்பர் தாள்) இல்லாமல் ஆரம்பிக்காதே, ஈறு ரத்தம் ஒரு சொட்டுப் பட்டாலும் ஒட்டு போச்சு.

நிறத்தை ரப்பர் டேம் போடும் முன்பே, பல் ஈரமாக இருக்கும்போது பார்த்துவிடு. உலர்ந்தால் வெளுத்துக் காட்டும். பக்கத்துப் பல்லில் வெள்ளைத் திட்டு இருந்தால் இதிலும் கொஞ்சம் ஒப்பேக் (ஒளி புகாத வெள்ளை ரெசின்) தீற்று. ஒரே நிறத்தில் மழுமழுவென்று செய்தால் தனியாகத் துருத்தும்.

கடைசியில், கீழ்த்தாடையை முன்னே தள்ளச் சொல்லி கடி படும் இடத்தைக் காட்டும் நீலத்தாளில் கடிக்க வை. அங்கே அழுத்தமான புள்ளி விழுந்தால் தேய்த்துவிடு. அந்த இடியால் போஸ்ட் கழன்று வரலாம், வேரும் விள்ளலாம்.

6 மாதத்துக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடு. மாங்காய் சீசன் வேறு. துண்டு போட்டுக் கடைவாயில் மெல்லச் சொல்.

உன் நண்பன்