விதை நெல்லும் உன் மகனின் கணக்குத் தாளும்

மன்னார்குடி,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. சம்பா நாற்றங்கால் வேலையில் மாட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. வாய் மட்டும் முன்னைவிடத் தெம்பாக இருக்கிறது. பாமணியாற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது.

அங்கே அமெரிக்காவில் உன் மகன் கணக்கில் 61 வாங்கியதற்கு, “உன்னிடம் இதை எதிர்பார்க்கவில்லையே” என்றாராம் ஆசிரியை. அதே 61 வாங்கிய, இந்தியன் அல்லாத பக்கத்துப் பையனுக்கு முதுகில் தட்டிக்கொடுத்தாராம். சிரிப்பதா அழுவதா என்று கேட்டிருந்தாய். எனக்கு முதலில் கோபம் வந்தது. அப்புறம் வெட்கமாகவும் இருந்தது.

நியூ ஜெர்சியில் நான் இருந்த பதினெட்டு வருடமும் அலுவலகத்தில் பிரிண்டர் நின்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்ததோ வரலாறு. அணைத்துவிட்டுத் திரும்பப் போடத்தான் தெரியும். பெரும்பாலும் அதுவே போதுமாக இருந்ததால் என் புகழ் நிலைத்துவிட்டது. மூளைக்காரி என்ற பட்டத்தை ஒரு நாளாவது மறுத்தேனா? இல்லை. ஏச்சு என்றால் திருப்பிக் கொடுத்திருப்பேன். புகழ்ச்சி இனிப்பாக இருந்தது, வாங்கி வைத்துக்கொண்டேன். அன்று நான் வாங்கிய கடனை இன்று உன் மகன் அடைக்கிறான் என்று தோன்றுகிறது.

போன வாரம் விதை நெல் தேர்ந்தெடுத்தோம். முட்டை மிதக்கும் பதத்துக்கு உப்பைக் கரைத்து, அதில் நெல்லைக் கொட்டினோம். பதர் மேலே வந்தது. கனத்த மணி அடியில் தங்கியது. அடியில் கிடப்பதை மட்டும் அள்ளிப் பார்க்கிற ஒருவன், இந்த ஊரில் பதரே விளையாது என்று சொன்னால் எப்படியிருக்கும்! அமெரிக்கா நம்மைப் பார்த்தது அப்படித்தான். 1923-இல் பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமை கிடையாது என்றது அங்கத்திய உச்ச நீதிமன்றம். 1946-இல் கதவைக் கொஞ்சம் திறந்தபோதும் ஆண்டுக்கு 100 பேர்தான். 1965-இல் புதிய குடியேற்றச் சட்டம் வந்த பிறகே மருத்துவர்களையும் பொறியாளர்களையும் பொறுக்கி எடுத்தார்கள். பொறுக்கிவிட்டு, இவர்கள் இரத்தத்திலேயே கணக்கு ஓடுகிறது என்று வியந்தார்கள். அங்கே குடியேறிய ஜப்பானியர் கதை இன்னும் விசித்திரம். 1942-இல் ஏறத்தாழ 1,20,000 பேரை முகாம்களில் அடைத்த அதே நாட்டில், 1966-இல் பத்திரிகைகள் அவர்களை முன்மாதிரி என்று மெச்சின. அந்த மெச்சல் கறுப்பினத்தவரை இடித்துக்காட்டவும் வசதியாகப் போயிற்று.

நம் தஞ்சைச் சீமை நெல் வேறொரு உப்புத் தண்ணீரிலும் விழுந்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி மலேயாவின் பினாங்குக்குப் போனவர்களைச் சொல்கிறேன். மிராசுதாரிடம் பண்ணையாளாகக் கிடந்தவர்கள் பலர், தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் போனார்கள். தமிழன் சாது, சொன்னபடி கேட்பான் என்பது அங்கே தோட்டத் துரைமாரின் தீர்ப்பு. அடங்கிப் போகிறவர்கள்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டார்கள். கூலி என்றால் நமக்கு வேலைக்குக் கிடைக்கும் பணம். கடல் தாண்டியதும் அது ஆளுக்கே பெயராகி, தென்னாப்பிரிக்காவில் வசையாகவும் ஆயிற்று. ஒரே மண்ணிலிருந்து போனவர்கள்தான். ஓரிடத்தில் முதுகு மட்டும், இன்னோரிடத்தில் மூளை மட்டும்.

வெட்கம் என்றேனே, அதற்கு வருகிறேன். ஆனியில் குறுவை நடவுக்கு உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை. மேற்கு வங்கத்திலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள். மாமா வரப்பில் நின்றுகொண்டு, “தங்கமான பையன்கள், குனிந்தால் நிமிரமாட்டார்கள், எதிர்த்து ஒரு சொல் கிடையாது” என்றார். நானும் டீ ஊற்றியபடியே ஆமாம் போட்டேன். ராத்திரி படுத்த பிறகுதான் அது அந்தத் துரைமாரின் வாக்கியம் என்று உறைத்தது. மேலும், ஊரே அவர்களை ஹிந்திக்காரர்கள் என்கிறது. அவர்கள் தங்களுக்குள் பேசுவது வங்காளம். மறுநாள் ஒருவரிடம் பெயர் கேட்டேன். சொன்னார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, வலிக்கிறது என்று முகத்தைச் சுளித்துக் காட்டினார். அம்மாவின் தைலத்தைக் கொடுத்தனுப்பினேன். அம்மா அதற்கு இரண்டு நாள் திட்டினாள்.

ஆசிரியையை நேரில் போய்ப் பார். சண்டை வேண்டாம். எந்தப் பாடம் அவனுக்குப் புரியவில்லை என்று மட்டும் கேள். பக்கத்துப் பையனின் அம்மா கேட்டால் என்ன பதில் வருமோ அதே பதில் உனக்கும் வர வேண்டும். நீயும் ஒன்றை நிறுத்து. போன மாதம் போனில், “நம் பிள்ளைகள் கணக்கில் சோடை போவார்களா?” என்று பெருமையாகச் சொன்னாய். பின்னால் அவன் தட்டை வைக்கும் சத்தம் எனக்குக் கேட்டது.

அது கிடக்கட்டும், இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் தாளில் நீ அரியர் வைத்து, விடுதி மாடியில் உட்கார்ந்து அழுததை அவனிடம் சொல்லியிருக்கிறாயா? மார்கழியில் கூட்டிக்கொண்டு வா. நீ சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். நாரத்தங்காய் ஊறுகாய் தயாராக இருக்கிறது.

உன் பழைய பெஞ்சுத் தோழி