பெங்குவின் தீவிலிருந்து ஒரு அட்டை வரும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலையா? அர்ஜென்டினாவின் தென்கோடியில் இருக்கும் இந்த உசுவாயாவில் இப்போது கோடை என்று பேர்தான், ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது. ராத்திரி பத்து மணிக்கும் வெளிச்சம் இருப்பதால் ஜன்னலில் போர்வை கட்டித் தூங்குகிறேன். ஸ்பானிஷில் பேரம் பேசும் அளவுக்குத் தேறிவிட்டேன். கறிவேப்பிலைதான் கிடைப்பதில்லை.

கப்பலில் சமையல்கட்டு ஆட்களுக்கு அண்டார்டிகா என்றால் வட்டக் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே தெரிவதுதான். இந்தத் தடவை பயணிகள் திரும்பியதும் எங்களையும் ரப்பர் படகில் போர்ட் லாக்ராய்க்கு அனுப்பினார்கள். நம் பள்ளிக்கூட மைதானம் அளவு பாறைத் தீவு. 1944இல், யுத்த சமயத்தில், பிரிட்டிஷ்காரர்கள் ரகசியமாக வந்து கட்டிய முகாம். பிறகு வானத்தின் மேலடுக்கில் ரேடியோ அலைகள் எப்படிப் போகின்றன என்று ஆராய்ந்தார்கள். 1962இல் மூடிவிட்டார்கள். 1996இல் பழுதுபார்த்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள்.

மற்றவர்கள் கருவிகளையும் சுவரில் வரைந்த ஹாலிவுட் நடிகைகளையும் பார்த்தார்கள். நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். அலமாரி முழுக்கப் பழைய டின்கள். பனிக்கட்டியை உருக்கினால்தான் தண்ணீர். புதுக்கறி வேண்டுமென்றால் சீல் என்கிற கடல்நாயோ பெங்குவினோதான். அந்தச் சமையல்காரனுக்குக் கோயில் கட்டலாம்!

வெளியே எங்கு பார்த்தாலும் ஜென்டூ பெங்குவின்கள். ஆரஞ்சு அலகு, கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை. கூடு என்றால் கூழாங்கல் குவியல்தான். ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருக்க, பின்னால் வந்த இன்னொன்று ஒரு கல்லைக் கவ்விக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் நடந்துபோனது. உட்கார்ந்திருந்தது கழுத்தை நீட்டிக் கத்தியதே தவிர முட்டையை விட்டு எழவில்லை. அதற்குள் இந்தப் பக்கம் இன்னொரு கல் போயிற்று! ஐந்து மீட்டர் தள்ளி நிற்கச் சொன்னார்கள். பெங்குவினோ என் காலை ஒட்டியே போகிறது. நாற்றம் மட்டும் சொல்லி மாளாது, கருவாட்டுக் கடையெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். தீவில் ஒரு பகுதிக்கு மனிதர்கள் போகக் கூடாது. ஆள் நடமாட்டத்தால் குஞ்சு பொரிப்பது குறைகிறதா என்று ஒப்பிடத்தான் அந்த ஏற்பாடு.

கோடையில் அங்கே தங்கி வேலை பார்க்கிறவர்களுக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது, குளிப்பதற்கு வந்துபோகும் கப்பல்தான். எங்கள் கப்பலுக்கு வந்தவர்களுக்குச் சுடச்சுட ரொட்டியும் தக்காளியும் கொடுத்தனுப்பினேன்.

அங்கே தபால் நிலையமும் உண்டு. உங்களுக்கு ஒரு அட்டை போட்டிருக்கிறேன். அது ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போய், இங்கிலாந்து போய், அப்புறம்தான் நம் ஊருக்கு வரும். இந்தக் கடிதம் முந்திக்கொள்ளும். தங்கச்சி தபால்தலையைக் கிழித்தெடுக்காமல் பார்த்துக்கொள், அட்டையோடு இருந்தால்தான் மதிப்பு. பணம் அடுத்த வாரம் அனுப்புகிறேன்.

அன்பு மகன்
குமார்