வாய்க்கால் கரைகளில் களைக்கொல்லி தெளிப்பதை நிறுத்தக் கோரும் மனு

அனுப்புநர்:
பங்குப் பண்ணை விவசாயிகள் மற்றும் பங்குதாரக் குடும்பங்கள்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள், பாலக்காடு.

பொருள்: பாசன வாய்க்கால் கரைகளைக் களைக்கொல்லி இல்லாமல் சுத்தம் செய்ய உத்தரவிடக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் 4 ஏக்கர் கரிசல் நிலத்தில் ரசாயனம் இல்லாமல் தக்காளி, வெண்டை, கத்தரி, அவரை பயிர் செய்கிறோம். பங்குதாரக் குடும்பங்கள் பருவத் தொடக்கத்திலேயே முன்பணம் கட்டிவிடுகின்றன. விளைவதை வாரக் கூடையாகப் பிரித்துக் கொடுக்கிறோம். மழை பொய்த்தாலும் பூச்சி விழுந்தாலும் நட்டத்தில் அவர்களுக்கும் பங்குண்டு. வெளியார் தெளித்த மருந்தால் வரும் நட்டத்தையும் அவர்கள் சுமப்பது நியாயமில்லை.

நிலத்தின் கிழக்கு எல்லையில் வாய்க்கால் ஓடுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்குக் காற்று பலமாக அடிக்கும். கரையைச் சுத்தம் செய்ய வருபவர்கள் அந்தக் காற்றிலேயே களைக்கொல்லி தெளிக்கிறார்கள். 2,4-டி வகைக் களைக்கொல்லி அகன்ற இலைப் பயிர்களைத் தாக்குவது. தக்காளிக்கும் வெண்டைக்கும் மிகச் சிறிய அளவே போதும்: ஓரிரு நாளில் தக்காளி இலைக்காம்பு கீழ்நோக்கி முறுக்கிக்கொள்ளும், பின்னர் வரும் கொழுந்து நார் போல ஒடுங்கும், வெண்டை இலை விரல் விரலாகப் பிளக்கும். வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு நோய் என்று இதைத் தள்ளிவிட வாய்ப்புண்டு. அந்த நோய் வயலில் அங்கங்கே தொடங்கும். மருந்துப் பாதிப்போ கரையோர வரிசைகளில் கடுமையாக இருந்து உள்ளே போகப் போகக் குறையும். எங்கள் வயலில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான்.

கரையோரம் அகத்தியும் சோளமும் நெருக்கி வளர்த்திருக்கிறோம். அது துளிகளைத் தடுக்கும். ஆனால் 2,4-டி மருந்தில் எளிதில் ஆவியாகும் எஸ்டர் என்ற வகை வெயிலில் ஆவியாகி வேலியைத் தாண்டிவிடும். தேசிய இயற்கை வேளாண் விதிகளின்படி ஒருபருவப் பயிருக்கு இயற்கைச் சான்று பெற, விதைப்புக்கு முன் ரசாயனம் இல்லாத 2 ஆண்டுகள் மாறுதல் காலம் தேவை. ஒரு நாள் தெளிப்பு அந்த உழைப்பைக் கேள்விக்குள்ளாக்கிவிடும்.

கரைக்கும் இது நல்லதல்ல. புல்லையும் கொல்லும் களைக்கொல்லியால் வேரோடு புல் காய்ந்தால் பிடிப்பில்லாமல் மழையில் மண் சரிந்து வாய்க்காலையே தூர்க்கும். புல்லை வெட்டுக்கருவியால் நான்கு விரல் உயரம் விட்டு அறுத்தால் போதும். பார்த்தீனியத்தை மட்டும் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கையில், கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். வெட்டினால் மறுபடி துளிர்க்கும்.

எனவே கரைப் பராமரிப்பு மதிப்பீட்டிலும் ஒப்பந்தத்திலும் களைக்கொல்லியை நீக்கி, கைவேலை அல்லது இயந்திர வெட்டு என்று குறிப்பிட உத்தரவிட வேண்டுகிறோம். தண்ணீர் திறப்பதற்கு ஒரு மாதம் முன்பே இந்த வேலை தொடங்க வேண்டும். கடைசி வாரத்து அவசரமே மருந்தைத் தேட வைக்கிறது. எல்லாச் செடிகளையும் கொல்லும் கிளைபோசேட் என்ற களைக்கொல்லி 2019 முதல் கேரளத்தில் தடை செய்யப்பட்டிருப்பதால், மாநில எல்லைக்கு அப்பால் வாங்கி வந்து பயன்படுத்தாதபடி கண்காணிப்பும் தேவை. பாதிப்பு தெரிவிக்கப்பட்டால் கிருஷி பவன் (வேளாண் துறையின் உள்ளூர் அலுவலகம்) அலுவலர் 3 நாட்களுக்குள் வயலைப் பார்த்து, கரையோர இலையையும் வயல் நடு இலையையும் தனித்தனியே எடுத்து, பனிக்கட்டியில் வைத்து திருவனந்தபுரம் வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் உள்ள மருந்து எச்ச ஆய்வகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யவும் வேண்டுகிறோம். தாமதித்தால் மருந்து சிதைந்து ஆய்வில் ஒன்றும் தெரியாமல் போகலாம்.

பாதிக்கப்பட்ட வரிசைகளின் நிலப்பட வரைவை இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
பங்குப் பண்ணை விவசாயிகள் மற்றும் பங்குதாரக் குடும்பங்கள்