சனிக்கிழமை வகுப்பு: ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்களுக்கு வணக்கம். சனிக்கிழமை ஹைடெக் லேபில் எட்டாம் வகுப்புக்கு, ஃபார்வர்டு செய்தியைச் சோதிப்பது பற்றிப் பாடம். பவர்பாயிண்ட் வேண்டாம், பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள்.

நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததென யுனெஸ்கோ அறிவித்ததாகப் பல ஆண்டுகளாகச் சுற்றும் புரளியையே எடுத்துக்கொள்வோம். யுனெஸ்கோ அப்படி எதையும் அறிவிக்கவில்லை. அந்தச் செய்தியையே திரும்பத் திரும்பப் படித்தால் இது தெரியாது. புது டேப் திறந்து, வேறு யார் என்ன சொல்கிறார்கள் என்று பிள்ளைகளே தேட வேண்டும். படம் என்றால், அது இணையத்தில் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று தேடிக் காட்டும் கூகுள் லென்ஸ். கேரளத்தில் கண்ணூர் அரசுப் பள்ளிகளில் 2018-லேயே இப்படிப்பட்ட வகுப்புகள் நடந்தன.

அப்புறம், வீட்டில் தாத்தாவைத் திருத்தும்போது மரியாதையாகப் பேசவும் சொல்லிக்கொடுங்கள். பழைய புரளிகள் இருந்தால் வெள்ளிக்குள் எனக்குத் தனியே அனுப்புங்கள். குழுவில் போடாதீர்கள், நம்மிலேயே யாராவது நம்பிவிடுவோம்!