அரை மணி முந்தின சிட்டை

மச்சான்,

மகளின் படம் கிடைத்தது, அப்படியே உன் அம்மாவின் முகம். இங்கே எல்லாரும் சுகம். பதில் போடப் பிந்தியதற்குக் காரணம் ஒரு ரைஸ் மில்.

சம்மாந்துறைப் பக்கம் ஒரு மில்லில் நெல் லொறி நிறுக்கிற தராசுக்கு யாரோ முன்பு ஜாவாவில் எழுதிக் கொடுத்த புரோகிராம் ஓடுகிறது, அதைப் பார்க்கிற வேலை இப்போது என் தலையில். போன மாதம் அதைப் புதுக் கொம்பியூட்டருக்கு மாற்றினேன். இப்போது வெள்ளாமை வெட்டு, இரவிரவாக நெல் வருகிறது, நாள் கணக்கு ஒன்றும் ஒத்துவரவில்லை என்று முதலாளி ஒரே சத்தம். சிட்டைகளைப் பரப்பிப் பார்த்தால் இரவு பதினொன்றரைக்குப் பிறகு நிறுத்த லொறியெல்லாம் அடுத்த நாளில் கிடக்கிறது. திரையின் மூலையில் மணி 8.10, சிட்டையில் 8.40.

விண்டோஸ் நேரம் சரி, டேட்டாபேஸில் யூடிசி, அதாவது உலகப் பொது நேரமும் சரி. புதுக் கொம்பியூட்டரைத் திட்டித் திட்டியே இரண்டு நாள் போனது. மறுகா, விடியப்புறம் தேத்தண்ணி குடிக்கும்போதுதான் மண்டையில் அடித்தது: அரை மணி! அந்த நாளில் மட்டக்களப்பு வாவியில் மண்முனைத் துறையில் பாதையில் (அக்கரைக்கு ஆள் ஏற்றுகிற மிதவையில்) ஏறி உங்கள் வீட்டுக்கு வருவேனே, இங்கே அரசாங்கத்தின் புது நேரம், வாவிக்கு அந்தப் பக்கம் புலிகளின் கட்டுப்பாடு, பழைய நேரம், உங்கள் சுவர் மணிக்கூடு எப்போதும் என் கையில் கட்டினதுக்கு அரை மணி பின்னுக்கு. 1996 மே மாதம் கரண்ட் மிச்சம் பிடிக்க ஒரு மணித்தியாலம் தள்ளி, ஒக்டோபரில் பாதியைத் திருப்பிக் கொடுத்து, யூடிசிக்கு ஆறு மணி முன்னால் என்று பத்து வருஷம் ஓட்டினார்கள். 2006 ஏப்ரல் 15 அன்றுதான், வருஷப் பிறப்பு முடிந்த கையோடு, பழையபடி ஐந்தரைக்கு வந்தது. அந்தச் செய்தி இந்தப் புரோகிராமுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை!

புரோகிராம் நேரம் கேட்கிறது ஜோடா டைமிடம். விண்டோஸிடம் கேட்காமல் உலக நேர அட்டவணையைத் தன் ஜாருக்குள்ளேயே (ஜாவா கோடைக் கட்டி வைக்கிற ஃபைல்) கொண்டு திரிகிற லைப்ரரி. புரோகிராமுக்கு வேண்டிய லைப்ரரிகளை எழுதி வைக்கிற மேவன் பட்டியலில் ஜோடாவின் புதுப் பதிப்புத்தான் இருந்தது, அதுதான் என்னை ஏமாற்றியது. ஜாவாவை வெர்போஸ் கிளாஸ் என்ற ஒப்ஷன் போட்டு ஓட்டி, ஒவ்வொரு கிளாஸும் (புரோகிராமின் ஒவ்வொரு துண்டும்) எந்த ஜாரிலிருந்து வருகிறது என்று பார்த்தபோது பிடிபட்டது: அச்சடிக்கிற பழைய ஜார் ஒன்று 2006க்கு முந்திய ஜோடாவை வயிற்றுக்குள் வைத்திருக்கிறது. ஜாவா ஜார்களைத் தேடுகிற கிளாஸ்பாத்தில் நட்சத்திரக் குறி போட்டு ஃபோல்டரைக் காட்டினால் எந்த ஜார் முந்தும் என்று சொல்ல ஏலாது. பழைய கொம்பியூட்டரில் புதியது முந்தியது, இங்கே பழையது.

அந்த ஜாரைப் பிரித்து ஜோடாவை மட்டும் பிடுங்கி எறிந்தேன், சரி வந்துவிட்டது. நாள் கணக்கையெல்லாம் திரும்ப அடித்துக் கொடுத்தேன். முதலாளி காசு தரும்போது "அரை மணிக்கா இவ்வளவு?" என்றார்.

மண்முனையில் 2014இலிருந்து பாலம், அந்த மிதவைப் பாதை இல்லை. அது கிடக்க, உங்கள் சுவர் மணிக்கூடு இன்னும் இருக்கிறதா? அம்மாவிடம் கேட்டு எழுது.