தூங்குமூஞ்சி விழுந்துவிட்டது

அன்புள்ள கோமதி,

எட்டு மாதம் ஆகிவிட்டது. திட்டுவதாக இருந்தால் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்துவிடு, தவணை முறையில் வேண்டாம். இங்கே எல்லாரும் சுகம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பேத்தி உன்னைப் போலவே எதிர்த்துப் பேசுகிறாள். அவ்வளவுதான் வீட்டுச் செய்தி.

விஷயம் வேறு. எங்கள் வாசல் தூங்குமூஞ்சி மரம் விழுந்துவிட்டது.

போன செவ்வாய் இரவு. பெரிய காற்றுகூட இல்லை. சத்தம் கேட்டு வெளியே வந்தால் தெரு முழுக்க இலை, நடுவே குறுக்காக மரம். விடிந்ததும் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கத்து வேர் மொத்தமும் வெட்டுப்பட்டு உளுத்துக் கிடந்தது. இரண்டு வருஷம் முன்னால் வடிகால் தோண்ட வந்தவர்கள் செய்த காரியம். அன்றே நான் சத்தம் போட்டேன். "ஒண்ணும் ஆகாதும்மா, உள்ள போங்க" என்றார்கள். நானும் உள்ளே போனேன் பார், அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

நீ அதைச் சோம்பேறி மரம் என்று கேலி செய்வாய். சாயந்திரமானால் இலையை மடித்துக்கொள்வது சோம்பலா? கோந்துபாட்டில் டீச்சர் நடத்தியபோது நீ தூங்கியிருப்பாய், அதனால் மறுபடியும் சொல்கிறேன். ஒவ்வொரு இலையின் அடியிலும் சின்னதாக ஒரு புடைப்பு உண்டு. பொழுது சாயும்போது அங்கே ஒரு பக்கத்துச் செல்களில் இருந்து தண்ணீர் வெளியேறும், இலை மடியும். காலையில் திரும்ப நிரம்பும், இலை விரியும். வானம் இருட்டிக்கொண்டு வந்தாலும் மடித்துக்கொள்ளும், மழை நேரே அடியில் இருக்கும் புல்லுக்கு இறங்கும். இவ்வளவு கணக்காக வேலை பார்க்கிற ஒன்றுக்குத் தூங்குமூஞ்சி என்று பேர் வைத்திருக்கிறோம். 1800-ல் ஹம்போல்ட் என்ற ஜெர்மன் இயற்கை ஆய்வாளர் வெனிசுவேலாவில் இதே சாதி மரம் ஒன்றைப் பார்த்து மலைத்துப்போய், அதன் குடையின் சுற்றளவு 576 அடி என்று எழுதிவைத்தார். எங்களுடையது அதன் பேத்திக்குப் பேத்தி அளவுதான் இருக்கும். இருந்தாலும் ஏழு வீட்டுக்கு நிழல்.

இப்போது அந்தக் குழியில் என்ன நடுவது என்று தெருவே இரண்டுபட்டுக் கிடக்கிறது. இரண்டென்ன, நாலுபட்டு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குல்மோகர்தான் வேண்டுமாம். மடகாஸ்கரிலிருந்து வந்த மரம், கிளை முறுக்கென்று ஒடியும் என்றேன். கேட்கவில்லை. அவள் படித்த பள்ளியில், லீவு விடும் நாளன்று தரையெல்லாம் சிவப்பாகக் கிடக்குமாம். அதற்கு நான் என்ன பதில் சொல்ல? பழைய இன்ஜினியர் புங்கை என்கிறார். வெயில் காலத்தில் மற்ற மரமெல்லாம் வாடி நிற்கும்போது பளபளவென்று தளிர்க்கும், நிழல் அடர்த்தி, வேர் சாதுவானது என்று அரைமணி நேரம் காரணம் அடுக்கினார். கடைசியில் மெதுவாக, சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கினால் ஓடிப்போய்ப் படுத்துக்கொள்வது ஒரு புங்க மரத்தடியில் என்றார். அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். மாடி வீட்டுப் பையனுக்கு மரமல்லி. காரணம் கேட்டேன், முகம் சிவந்துவிட்டது. ராத்திரி மணக்கிற மரம், வயசு இருபத்திரண்டு, மேற்கொண்டு கேட்கவில்லை.

கோடி வீட்டுத் தாத்தா மட்டும் பேர் சொல்லவில்லை. "எதுவானாலும் சரி, சீக்கிரம் நிழல் தரணும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சரி, என் காரணம் என்ன என்று நீ கேட்பாய். அவர் கடைசி ஆறு மாதம் ஜன்னல் பக்கம் நாற்காலியில்தானே இருந்தார். இலை மடியத் தொடங்கியதும் "கடை மூடியாச்சு" என்பார். தினமும். எனக்கு அலுத்துக்கூடப் போயிற்று. அவர் போன பிறகு, விளக்குப் போடப் போகும்போது நானே அதைச் சொல்லிக்கொள்வேன். இப்போது ஆறு மணிக்கு அந்த ஜன்னல் பக்கம் போக முடியவில்லை, கோமதி. அங்கே வெறும் வானமாக இருக்கிறது.

எனக்கு ஆபரேஷன் ஆனபோது ஜன்னலைத் திறந்தால் சுவர் தெரியும், நினைவிருக்கிறதா? 1984-ல் ரோஜர் உல்ரிக் என்பவர் ஒரு ஆய்வு வெளியிட்டார். பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் மருத்துவமனைப் பதிவேடுகளை எடுத்து ஒப்பிட்டிருக்கிறார். ஜன்னலில் மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்களாம், கடுமையான வலி மருந்தும் குறைவாகத்தான் தேவைப்பட்டதாம். எனக்குச் சுவர் இருந்தால் என்ன, பக்கத்தில் நீ இருந்தாயே என்று எழுத ஆசைதான். ஆனால் நீ ஆறு மணிக்கே தலையைத் தொங்கப்போட்டாய். ஒரு வகையில் எனக்கும் தூங்குமூஞ்சிதான் கிடைத்தது.

இன்னொன்று, உன் ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டே படி. சகாரா பாலைவனத்தில், நைஜரில், தெனெரே என்ற இடத்தில் தனியாக ஒரு வேல மரம் நின்றது. சுற்றிலும் நூறு மைலுக்கு வேறு மரமே கிடையாது. 1938-ல் பக்கத்தில் கிணறு தோண்டியபோது பார்த்தால், அதன் வேர் முப்பது மீட்டருக்கும் கீழே தண்ணீரைத் தேடிப் போயிருக்கிறது. 1973-ல் ஒரு லாரிக்காரர் போய் அதில் மோதிச் சாய்த்துவிட்டார். அத்தனை பெரிய பாலைவனத்தில்! காலி மைதானத்தில் இருந்த ஒரே கம்பத்தை நீ தேடிப்போய் இடித்தாயே, அந்தத் திறமை உலகத்தில் இன்னொருவருக்கும் இருந்திருக்கிறது. பட்ட மரத்தை அந்த நாட்டுத் தலைநகர் நியாமேயில், அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நின்ற இடத்தில் இரும்பில் ஒரு மரம் செய்து நட்டிருக்கிறார்கள். இரும்பு மரம் எதற்கு என்று முன்பு சிரித்திருப்பேன்.

ஒரு ரகசியம். மரத்தை வெட்டி அகற்றும் முன் காய்ந்த காய்களைப் பொறுக்கிவிட்டேன். விதையின் தோலைக் கொஞ்சம் உரசி, ஊறவைத்து, ஐந்து பழைய டப்பாக்களில் போட்டிருக்கிறேன். இன்னும் ஒன்றும் தலைகாட்டவில்லை. பேத்திக்கு மட்டும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அதற்குள் நீ யார் பக்கம் என்று எழுது. புங்கை என்று மட்டும் சொல்லிவிடாதே, இன்ஜினியரைக் கையில் பிடிக்க முடியாது.

உன்,
சாரதா