ஓசிப் மண்டெல்ஷ்டாம் நினைவுக் கூட்டம்: உடன் நின்றவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

டிசம்பர் 27 அன்று எங்கள் வாசகர் வட்டம் நடத்திய நினைவுக் கூட்டத்துக்கு வந்த அனைவருக்கும் நன்றி. 1938இல் அதே நாளில்தான் ருஷ்யக் கவிஞர் ஓசிப் மண்டெல்ஷ்டாம் விளாதிவஸ்தோக் அருகே ஓர் இடைத்தங்கல் முகாமில் இறந்துபோனார். வயது 47. அவருக்கென்று தனிக் கல்லறை கிடையாது. அந்த மனிதருக்காக நம் ஊரில் ஒரு மாலை முழுக்க இத்தனை பேர் உட்கார்ந்திருந்தது எனக்குப் பெரிய விஷயம்.

முதல் நன்றி, ஸ்டாலினைப் பற்றிய அந்த 16 வரிகளைத் தாளைப் பார்க்காமல் சொன்ன கல்லூரி மாணவிக்கு. அதைச் சொல்ல வேண்டிய விதமே அதுதான். 1933 நவம்பரில் மண்டெல்ஷ்டாம் அதை இயற்றியபோது எங்கும் எழுதிவைக்கவில்லை. நம்பிய சிலரிடம் வாய்மொழியாகவே சொன்னார். கொழுத்த புழுக்களைப் போன்ற விரல்கள், சிரிக்கும் கரப்பான்பூச்சி மீசை என்று ஆட்சியாளரை வர்ணித்த கவிதை எப்படியோ காவல் துறையின் காதுக்குப் போய்விட்டது. 1934 மே மாதத்து இரவொன்றில் மாஸ்கோவில் அவர் வீட்டைச் சோதனையிட்டுக் கைது செய்தார்கள். லெனின்கிராடிலிருந்து வந்திருந்த கவிஞர் அன்னா அக்மதோவா அன்று அந்த வீட்டில்தான் இருந்தார். விசாரணையின்போது கவிஞர் அந்த வரிகளைத் தன் கைப்பட எழுதிக் கொடுக்க நேர்ந்தது.

அடுத்து, மொழிபெயர்ப்புகளை வரி வரியாக ருஷ்ய மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தித் தந்த ஐயாவுக்கு. கண் வலியையும் பொருட்படுத்தாமல் செய்து கொடுத்தார். மண்டெல்ஷ்டாம் வரோனெஷ் நகரில் நாடு கடத்தப்பட்டிருந்தபோது எழுதிய கவிதைகளை அவர் விளக்கியபோது அரங்கில் சத்தமே இல்லை. கைதுக்குப் பின் முதலில் செர்தின் என்ற சிற்றூருக்கு நாடு கடத்தப்பட்ட கவிஞர் அங்கே மருத்துவமனை ஜன்னலிலிருந்து குதித்துவிட்டார். கட்சித் தலைவர்களில் ஒருவரான புகாரின் அவருக்காக ஸ்டாலினுக்குக் கடிதம் எழுதினார். தண்டனை தளர்ந்து கவிஞரும் மனைவியும் வரோனெஷுக்கு வந்தார்கள். மண்டெல்ஷ்டாமைப் பற்றிக் கேட்க ஸ்டாலின் தொலைபேசியில் அழைத்தபோது கவிஞர் பாஸ்டர்நாக் இன்னும் உறுதியாகப் பேசியிருக்கலாம் என்று நம் கூட்டத்தில் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டிய நிலை நமக்கு வந்ததில்லை.

வரோனெஷில் பிழைப்புக்கு வழி அடைந்துகொண்டே போனது, பழகியவர்கள் விலகினார்கள். அப்போதுதான் நதாஷா ஷ்டெம்பெல் என்ற இளம் ஆசிரியை கவிஞர் வீட்டுக்குப் போகத் தொடங்கினார். போவதே ஆபத்து என்று தெரிந்தும் போனார். கவிதைப் பிரதிகளைப் பிறகு போர்க்காலத்திலும் காப்பாற்றினார். 1937இல் நாடு கடத்தல் முடிந்தும் மாஸ்கோவில் வசிக்க அனுமதி கிடைக்காமல் தம்பதியர் அலைந்தபோது, எழுத்தாளர் விக்தர் ஷ்க்லோவ்ஸ்கியின் குடும்பம் கதவைத் திறந்து படுக்க இடம் கொடுத்தது. உதவியவர்களின் இந்தக் கதைகளைக் கூட்டத்தின் நடுவில் வைக்க வேண்டும் என்று யோசனை சொன்ன தோழருக்குத் தனி நன்றி. நான் கவிஞரது துயரத்தை மட்டும் பேசத் திட்டமிட்டிருந்தேன். தோழர் சொன்ன வழியே சிறந்தது.

மனைவி நதேஜ்தாவின் பகுதியை வாசித்த இரு சகோதரிகளுக்கும் என் வணக்கம். 1938இல் மீண்டும் கைதான கணவருக்கு நதேஜ்தா முகாமுக்கு அனுப்பிய பொட்டலம், பெறுநர் இறந்துவிட்டதாகத் திரும்பி வந்ததை வாசிக்கும்போது ஒருவருக்குக் குரல் உடைந்தது, மற்றவர் தொடர்ந்தார். தாளை நம்ப முடியாத காலத்தில் கணவரின் கவிதைகளை நதேஜ்தா மனப்பாடமாகவே வைத்துக்கொண்டார். ஊர் ஊராக மாறி ஆங்கிலம் கற்பித்துப் பிழைத்தார். அவருடைய நினைவுக் குறிப்புகள் 1970இல் நியூயார்க்கில் வெளிவந்தன. சோவியத் நாட்டில் கவிஞரின் தொகுப்பு 1973இல்தான் வந்தது. 1934ஆம் ஆண்டு வழக்கிலிருந்து அவரை விடுவித்தது 1987இல். நதேஜ்தா 1980இலேயே காலமாகிவிட்டார்.

அரங்கை வாடகையின்றித் தந்த நூலகத்தார், நாற்காலிகளை அடுக்கிய தம்பிகள், சுக்குக் காபி போட்டுத் தந்த அம்மா, கையேட்டை இரவோடு இரவாக அச்சிட்டுக் கொடுத்த அச்சகத்தார் எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறோம். நன்கொடையில் மிஞ்சிய தொகைக்கு ருஷ்யக் கவிதை நூல்கள் வாங்கி நூலகத்துக்கே கொடுக்கிறோம். கையேட்டின் மீதிப் பிரதிகள் நூலகரிடம் உள்ளன. வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அடுத்த கூட்டம் அக்மதோவாவைப் பற்றியது. மாணவி இப்போதே மனப்பாடம் செய்யத் தொடங்கிவிட்டார்.

அன்புடன்,
ஒருங்கிணைப்பாளர், வாசகர் வட்டம்